கோபன்ஹேகன் பாலே நாட்குறிப்பு: குதிப்பதைப் பார்க்காதீர்கள், இறங்குவதைப் பாருங்கள்

திங்கள்

விமான நிலையத்தில் எம்2 மெட்ரோ ஏறினால் கால் மணி நேரத்தில் கோங்கன்ஸ் நூதோர்வ் சதுக்கம். படியேறி மேலே வந்தால் எதிரே ராஜ அரங்கம் நிற்கிறது. 1874இல் கட்டியது. ஊர்க்காரர்கள் ‘பழைய மேடை’ என்றுதான் சொல்கிறார்கள். வாசலின் இரு பக்கமும் நாடகாசிரியர் ஹோல்பர்கும் கவிஞர் ஊலன்ஷ்லேகரும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாலே பார்க்க வந்தவர்கள் தேட வேண்டியது அவர்களை அல்ல, அரங்கத்தை ஒட்டிய சின்னச் சந்துப் பாதையை. அதற்கு ஆகஸ்ட் பூர்நோன்வில் பெயர். 1805இல் பிறந்து 1879இல் இறந்த அந்த ஒரு மனிதர் அமைத்த ஆட்டங்களைத்தான் டென்மார்க்கின் ராஜ பாலே குழு இன்றும் ஆடிக் காட்டுகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குழு ஆடும் பெரிய கட்டடங்கள் இரண்டு. ஒன்று பழைய மேடை. இன்னொன்று 2005இல் நீருக்கு அந்தப் பக்கம் திறந்த ஆப்பெரா மாளிகை. டிக்கெட்டில் ‘கம்லே ஸ்கேனெ’ என்று இருந்தால் பழைய மேடை, ‘ஓபராவன்’ என்று இருந்தால் மாளிகை. அதைப் பார்க்காமல் சதுக்கத்தில் வந்து நின்றுவிட்டு, ஏழரை மணி ஆட்டத்துக்கு ஏழே காலுக்கு மேல் துறைமுகப் படகைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. தாமதமாகப் போனால் இடைவேளை வரை கதவு திறக்காது.

இருக்கை விஷயம். விலை அதிகம் என்பதால் தரைத்தளத்தின் முதல் மூன்று வரிசைதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். மேடை விளிம்பு நடனக்காரரின் கணுக்காலை மறைத்துவிடும். பூர்நோன்வில் பாலேயில் கணுக்காலுக்குக் கீழேதான் பாதி ஆட்டம் நடக்கிறது. முதல் மாடியின் நடுப்பகுதி கிடைத்தால் விடாதீர்கள். குதிரை லாட வடிவ அரங்கம் என்பதால் பக்கவாட்டு இருக்கைகள் மலிவு, ஆனால் உங்கள் பக்கத்து மேடையோரம் கண்ணில் படாது. மேல் கேலரி எடுப்பவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்கும் சின்ன பைனாகுலர் கொண்டு போகவும். அழகாக இருக்கும் ஆப்பெரா கண்ணாடிகள் மூன்று மடங்குதான் பெரிதாக்கும். அந்த உயரத்திலிருந்து முகபாவம் தெரியாது.

இந்த வார நிகழ்ச்சி: ‘லா சில்ஃபீட்’ இரண்டு அங்கமும், அதற்குப் பின் ‘நாபோலி’யின் மூன்றாம் அங்கமும். இரண்டு இரவு, இரண்டு வேறு நடிகர் கூட்டம். ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பார்ப்பது காசுக்குக் கேடு என்பவர்கள் வெள்ளிக்கிழமைப் பதிவு வரை பொறுக்கவும்.

செவ்வாய்

மேடை முகப்பில், திரைக்கு மேலே பொன்னெழுத்தில் மூன்று நான்கு சொல்: ‘ஏய் ப்லொட் டில் லுஸ்ட்’. வெறும் களிப்புக்காக மட்டும் அல்ல என்று பொருள். குழியில் இருக்கும் வாத்தியக் குழு தன் வயதை 1448இலிருந்து கணக்கிடுகிறது.

‘லா சில்ஃபீட்’ முதலில் பாரிசில் 1832இல் வந்தது. நடனக்காரி மரீ தாலியோனிக்காக அவர் அப்பா அமைத்தது. பூர்நோன்வில் அதைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார், ஆனால் பாரிஸ் இசைக்குக் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. இருபத்தொரு வயது டேனிஷ் இளைஞர் ஹெர்மன் லேவன்ஷோல்டிடம் புது இசை எழுதி வாங்கி, 1836 நவம்பரில் அரங்கேற்றினார். அன்றைய சில்ஃபீட் லூசில் கிரான், ஜேம்ஸாக ஆடியது பூர்நோன்விலே. பாரிஸ் மூலம் வழக்கொழிந்து போனது. சிக்கனத்துக்குப் பிறந்த இந்த நகல்தான் உயிரோடு இருக்கிறது.

கதை சுருக்கம்: ஸ்காட்லாந்துப் பண்ணை வீடு. ஜேம்ஸுக்கு அன்று எஃபியோடு கல்யாணம். நாற்காலியில் தூங்குகிறான். காலடியில் சிறகு வைத்த ஒரு காற்றுப் பெண், அதாவது சில்ஃபீட், மண்டியிட்டு அவனையே பார்க்கிறாள். அவன் கண்ணுக்கு மட்டும்தான் அவள் தெரிவாள்.

திரை உயரும்போது அசைவே இல்லை. முதல் நிமிடத்தில் நடனம் எங்கே என்று கைபேசியில் நேரம் பார்ப்பவர்கள் தவறவிடுவது அந்த மண்டியிட்ட நிலையைத்தான். முதுகு நாற்காலி மேல் சாயக்கூடாது, எடை முழுவதும் பின்காலில் இருக்க வேண்டும். அப்போதுதான் எழும்போது கையை ஊன்றாமல் எழ முடியும். ஊன்றினால் காற்றுப் பெண் அங்கேயே மனுஷியாகிவிடுவாள். இன்றைய சில்ஃபீட் எழுந்தது புகை எழுந்த மாதிரி.

முதல் அங்கத்தின் தந்திரங்கள் எல்லாம் மரமும் கயிறும் எதிரெடையும். சில்ஃபீட் புகைபோக்கி வழியே மேலே போகிறாள், ஜன்னலில் மிதந்து இறங்குகிறாள். அவள் நிற்கும் சின்னப் பலகை ஏறி இறங்குகிறது. பலகை நின்ற பிறகு அரை நொடி பொறுத்து அடி எடுத்து வைத்தால் மிதந்தது போலிருக்கும். பலகை நிற்கும் முன் காலை வைத்தால் உடம்பு குலுங்கும், மாயம் போச்சு. நாற்காலித் தந்திரம் இன்னும் எளிது: ஜேம்ஸ் அவளைக் கட்டம் போட்ட கம்பளியால் மூடி மறைக்கிறான், எஃபியை விரும்பும் இன்னொருவனான கர்ன் வந்து கம்பளியை இழுக்கிறான், நாற்காலி காலி. இதில் பொறுப்பு அவளுக்கு அல்ல, இழுக்கும் கர்னுக்கு. அவன் எஃபியிடமும் விருந்தாளிகளிடமும் முறையிட்டுச் சபையின் கண்ணைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் கம்பளிக்குள் ஏதோ நெளிவது தெரியும்.

அடுத்தது ரீல் நடனம். வீடு நிறைய ஆட்கள் ஸ்காட்டிஷ் கூட்ட நடனம் ஆடுகிறார்கள், நடுவே சில்ஃபீட் ஊடுருவுகிறாள். சுற்றி இருக்கும் அத்தனை பேரும் அவளை மோதாமல் விலக வேண்டும், அதே நேரம் பார்க்கவும் கூடாது. இது கால் வேலையை விடக் கடினம். கண் ஓரத்தால் பார்த்துக்கொண்டு முகத்தை எதிர் ஜோடியிடம் வைப்பதைப் பல மாதம் ஒத்திகை பார்த்த கூட்டம் மட்டுமே செய்ய முடியும். இன்று குழந்தைகள் உட்பட ஒருவர் கண்ணும் தப்பவில்லை.

ஜேம்ஸின் ஆட்டத்தில் கில்ட் என்ற ஸ்காட்டிஷ் ஆண் பாவாடையின் மடிப்புகளைப் பாருங்கள். சுழன்று நின்றபின் மடிப்புகள் ஒரே நேரத்தில் சுற்றி அடங்கினால் அச்சு நேராக இருந்தது என்று பொருள். ஒரு பக்கம் பிந்தி விழுந்தால் உடம்பு சாய்ந்திருந்தது. இந்தச் சாட்சி பேன்ட் போட்ட நாயகர்களுக்குக் கிடையாது. காலணியும் தனி: கறுப்புச் செருப்பில் மேல்பாதம் ‘வி’ வடிவில் வெள்ளையாக இருக்கும். வெள்ளை காலுறையோடு சேர்ந்துகொள்வதால் பாதம் நீளமாகவும் கூராகவும் தெரிகிறது. பாதத்தைச் சரியாக நீட்டாத நடனக்காரரை அதே வெள்ளை காட்டிக்கொடுத்தும் விடும்.

இரண்டாம் அங்கத்தில் சூனியக்காரி மேட்ஜ் கொதிக்கவைத்துத் தந்த சால்வையை ஜேம்ஸ் சில்ஃபீடின் தோளில் சுற்றுகிறான். சிறகுகள் உதிர்கின்றன, கண் மங்குகிறது, அவன் மோதிரத்தைத் தடவித் திருப்பித் தருகிறாள். சிறகு உதிர்வது நூல் வேலை. மெல்லிய நூலை இழுத்தால் கொக்கி விடும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஏதோ கழன்று விழுந்தது போல் இருக்கும். ஒன்று விழுந்து, அவள் திரும்பி அதைத் தேடி, பிறகு மற்றது விழுந்தால் சாவு. நூல் சிக்கிக்கொண்டால் எந்த ஊர் மேடையிலும் நிலைமை ஒன்றுதான்: தொங்கும் சிறகோடு சாக வேண்டும், கையால் பிய்க்கக்கூடாது.

புதன்

ஆட்டம் இல்லாத நாள். இந்தப் பாணி 150 வருடத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு இன்றைய பதிவு.

பூர்நோன்வில் பாரிசில் ஓகுஸ்த் வெஸ்த்ரிஸிடம் கற்றவர். பாரிஸ் பின்னர் ஆண் நடனக்காரனைப் பெண்ணைத் தூக்கும் தூணாக்கிவிட்டது. இவர் ஊர் திரும்பி, தான் கற்றதை அப்படியே வைத்துக்கொண்டார். நன்றாகக் குதிப்பவர் என்பதால் ஆணுக்கு ஆட்டம் எழுதினார். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதே அடியை ஆடுவதுதான் இவரிடம் காதல். தலைக்கு மேல் தூக்குவது அரிது.

அவர் இறந்த பிறகு ஹான்ஸ் பெக் என்ற பாலே ஆசான், பூர்நோன்வில் பயிற்சிகளையும் ஆட்டத் துணுக்குகளையும் கோத்து ஆறு வகுப்புகளாக்கினார். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று, சனி வரை. ஒவ்வொரு திங்களும் அதே அடிகள், அதே வரிசை, அதே பாட்டு. அடவு வரிசை சொல்லிக் கற்றவர்களுக்கு இதன் பலம் விளக்க வேண்டியதில்லை: உடம்பு மறக்காது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வரிசையில் இல்லாத அசைவுக்குத் தசை வளராது. 1930களில் ஹரால்ட் லாண்டர் இந்தக் கட்டைத் தளர்த்தினார். 1951இல் வேரா வோல்கோவா வந்து ரஷ்யப் பயிற்சியைக் கற்பித்தார். முதுகும் கையும் நீண்டன. அந்தக் கலவையில் வந்தவர்தான் எரிக் ப்ரூன், ஜேம்ஸ் வேடத்தை உலகம் முழுக்க எடுத்துப்போனவர். பீட்டர் மார்ட்டின்ஸ் இங்கிருந்து நியூயார்க் போனார். இத்தனை சின்ன நாடு இத்தனை ஆண் நடனக்காரர்களை ஏற்றுமதி செய்ததற்குக் காரணம் ஆணுக்கென்று எழுதிய அந்த அடிகள்.

அடிகளைப் பற்றிக் கொஞ்சம். எல்லாமே ப்ளியேயில் தொடங்குகிறது, அதாவது முழங்காலை வெளிப்புறம் மடக்கி அமர்வது. நம் அரைமண்டியோடு ஒப்பிடத் தோன்றும். அரைமண்டி தங்கும் இடம், ப்ளியே கடந்துபோகும் இடம். மடக்கும்போது குதிகால் தரையை அழுத்தியே இருக்க வேண்டும். குதிகால் எழும்பினால் அடுத்த குதிப்பு கெண்டைக்காலிலிருந்து வரும், உயரம் குறையும், நாளடைவில் குதிநரம்பு வீங்கும். வேறு பாணிகளில் பெரிய குதிப்புக்கு முன் நான்கடி ஓட்டம் உண்டு. பூர்நோன்வில் அதைத் தருவதில்லை. நின்ற இடத்திலிருந்து, முந்தைய குதிப்பின் இறக்கமே அடுத்ததன் ஏற்றமாக வேண்டும். ‘ஆந்த்ரெஷா சீஸ்’ என்ற குதிப்பில் கால்கள் காற்றில் மும்முறை மாறிப் பின்னுகின்றன. அதே நேரம் கைகள் தொடைக்கு முன்னே வட்டமாக, ஒன்றுமே நடக்காதது போலத் தாழ்ந்து கிடக்க வேண்டும். தவறு இங்கேதான் நடக்கும். உயரம் போதாதபோது தோள் உதவிக்கு வரும், கை மேலே பறக்கும். கை பறந்த கணமே பாணி போய்விட்டது.

சுழற்சியும் அப்படித்தான். தூக்கிய கால் முழங்காலுக்கு ஏறாமல் கணுக்காலோரம் நிற்கும், பெரும்பாலும் இரண்டே சுற்று. எட்டுச் சுற்று சுற்றிக் கைதட்டல் வாங்குபவர்களுக்கு இது சப்பென்று படும். தாழ்ந்த காலோடு இரண்டு சுற்றி, தாளம் முடியும் இடத்தில் சரியாக ஐந்தாம் நிலையில் (இரு பாதமும் முன்பின்னாக ஒட்டி நிற்பது) மூடிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லலாம்.

பிற்பகலில் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை லாயங்களுக்கு மேலே இருக்கும் பழைய அரசவை அரங்கம். 1767ஐச் சேர்ந்தது, இப்போது நாடக அருங்காட்சியகம். 1772 ஜனவரியில் இங்கே நடந்த முகமூடி விருந்து முடிந்த விடியலில்தான் மன்னரின் வைத்தியர் ஸ்ட்ரூயன்சேயைக் கைது செய்தார்கள். பாலேக்காரர்களுக்கு அந்த வரலாற்றை விட மேடையின் அளவு முக்கியம். பழைய மேடைகள் எவ்வளவு சின்னவை என்று நேரில் பார்த்தால், பூர்நோன்விலின் அடிகள் ஏன் நேர்கோட்டில் பாயாமல் மூலைக்கு மூலை வளைந்து, வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்கின்றன என்பது புரியும். ஓட இடம் இல்லை.

வியாழன்

டிவோலி பூங்கா. மே மாதம் வருவதில் ஒரு லாபம்: அரங்கப் பருவமும் பூங்காப் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பழைய மேடை கட்டிய அதே 1874இல், அதே கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் டாலரப் கையால் எழுந்தது இங்குள்ள சீன பாணி ஊமைநாடக மேடை. திரைக்குப் பதில் ஒரு மயில். தோகையை மடக்கினால் மேடை தெரியும். பூங்கா நுழைவுச்சீட்டே போதும், நாடகத்துக்குத் தனி டிக்கெட் இல்லை. மேடைக்கு எதிரே திறந்தவெளி. முன்னால் நிற்க இருபது நிமிடம் முன்பே போகவும்.

ஊமைநாடகத்தின் வழக்கமான பாத்திரங்கள்: ஹார்லெக்வின், கொலம்பீன், கசாண்டர், பியரோ. நாலு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிவில் குழந்தைகள் ‘ஏதாவது சொல்லு பியரோ’ என்று கத்துவார்கள். அப்போது மட்டும் அவன் பேசுவான், மூன்று முறை ஜே போடவைப்பான்.

இதைப் பாலே நாட்குறிப்பில் சேர்க்கக் காரணம் உண்டு. டேனிஷ் பாலேயின் ஊமை நடிப்பு முத்திரை அகராதி அல்ல. மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம் என்பது போன்ற சில குறிகள் உண்டு. மற்றபடி கையைப் படிக்கப் பழகிய நம் கண் இங்கே கொஞ்சம் ஏமாறும். இவர்கள் நடையால் சொல்கிறார்கள், முதுகால் சொல்கிறார்கள், எதிராளி முடிக்கும்வரை அசையாமல் நிற்பதால் சொல்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ‘பேசினால்’ சபைக்கு இரண்டுமே கேட்காது. பூங்காவில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த முறை கண்ணுக்குப் பழகிவிடும்.

வெள்ளி

இரண்டாவது இரவு, வேறு ஜேம்ஸ், வேறு சில்ஃபீட், வேறு மேட்ஜ். இருக்கையும் இன்று மேல் கேலரி.

செவ்வாய்க்கிழமை ஜேம்ஸ் உயரமாகக் குதித்தார். ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒரு கணம் நின்றது போலிருந்தது. இன்றைய ஜேம்ஸ் அவ்வளவு உயரம் போகவில்லை. ஆனால் இறங்கும்போது சத்தமே இல்லை. கால்விரல், பாதம், குதிகால் என்று வரிசையாகத் தரையைத் தொட்டு, ப்ளியே முடியும் முன்பே அடுத்த குதிப்பு தொடங்கிவிட்டது. மேல் கேலரியில் சத்தம் நன்றாகவே கேட்கும், அதனால் இதில் ஏமாற்ற முடியாது. உயரத்தை யாரும் பார்த்துவிடலாம். இந்தப் பாணிக்கு வெள்ளிக்கிழமைக்காரரே ஜேம்ஸ்.

மேட்ஜ் வேடத்துக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லை. செவ்வாயன்று ஒரு பெண், இன்று ஓர் ஆண். இந்தக் குழுவின் பெரிய சொத்து இதுதான்: மற்ற ஊர்களில் நாற்பது வயதில் வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே குணச்சித்திர நடிகர்களாகத் தொடர்கிறார்கள். சோரெல்லா எங்லுண்ட் இளமையில் சில்ஃபீடாக ஆடி, பின்னாளில் அதே ஆட்டத்தில் மேட்ஜாக வந்தவர். ஆண் மேட்ஜ் பயமுறுத்துகிறார். பெண் மேட்ஜ் ஜேம்ஸைப் பார்த்த பார்வையில் பழைய காயம் ஒன்று இருந்தது. கணப்பருகே குளிர்காய வந்தவளை அவன் விரட்டியதற்கு மட்டும் இத்தனை பழியா என்ற கேள்விக்கு அந்தப் பார்வையே பதில். இரண்டு முறை பார்ப்பது காசுக்குக் கேடு இல்லை என்பதற்கு இந்த ஒரு வேடம் போதும்.

இடைவேளைக்குப் பின் ‘நாபோலி’. இது பிறந்த கதை ருசியானது. 1841இல் ஓர் இரவு அரங்கில் பூர்நோன்விலுக்கு எதிராகக் கூச்சல். அவர் ஆட்டத்தை நிறுத்தி, மாடத்தில் இருந்த மன்னர் எட்டாம் கிறிஸ்டியானைப் பார்த்து என்ன கட்டளை என்று கேட்டுவிட்டார். மன்னர் தொடரச் சொன்னார், பிறகு ஆறு மாதம் ஊரை விட்டு இருக்கும்படி ஆனது. போன இடம் நேப்பிள்ஸ், இத்தாலிய மொழியில் நாபோலி. மீன்காரர்களையும் மக்ரோனி விற்பவர்களையும் பார்த்துவிட்டு வந்து, 1842 மார்ச்சில் இதை அரங்கேற்றினார். (மூன்று வருடம் கழித்து அதே மன்னரின் அரசுதான் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது.) முழு ஆட்டத்தில் நீலக் குகையில் நடக்கும் இரண்டாம் அங்கம் வந்தால் அந்தக் காலத்துக் கனவான்கள் எழுந்து பக்கத்து ப்ரன்னம் காப்பிக் கடைக்குப் போய்விட்டு, மூன்றாம் அங்கத்துக்குத் திரும்புவார்களாம். மூன்றாவதை மட்டும் ஆடும் இன்றைய வழக்கத்தில் அவர்கள் தீர்ப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

முதலில் ஆறு பேர் ஆடும் பகுதியும் தனி ஆட்டங்களும், பிறகு தாரந்தெல்லா என்ற இத்தாலிய நாட்டு நடனம். ஆறெட்டுத் தாளம், கையில் டாம்பரின். ஜோடி ஜோடியாக வருகிறார்கள், இசை விட்டு விட்டு வேகம் எடுக்கிறது. நடத்துனர் முதல் ஜோடிக்கே வேகத்தை ஏற்றிவிட்டால் கடைசி ஜோடியின் கால் பின்னல் கலங்கிவிடும். இன்று நடத்துனர் கையைக் கட்டி வைத்திருந்தார், காலப் என்ற வேகமான கடைசி ஆட்டத்தில்தான் அவிழ்த்துவிட்டார். டாம்பரினில் கட்டிய ரிப்பன் நீளமாக இருந்தால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும், அடுத்த தட்டு முழங்கையில் விழும். பழகியவர்கள் தட்டியவுடன் மணிக்கட்டை வெளிப்புறம் ஒரு திருப்பு திருப்புகிறார்கள், ரிப்பன் விலகிவிடும். மேலிருந்து பார்த்தால்தான் இது தெரிகிறது.

பின்னால் பாலம். அதன்மேல் பாலே பள்ளிக் குழந்தைகள் நின்று கைதட்டி ஆரவாரம் செய்கிறார்கள். பள்ளி 1771இல் தொடங்கியது. குழந்தைகள் அங்கே நிற்பது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல: வருடக்கணக்கில் மேலிருந்து கீழே பார்த்துப் பார்த்து, தாரந்தெல்லாவை யாரும் சொல்லித்தரும் முன்பே பாதி கற்றுவிடுகிறார்கள். இன்று நடுவில் நின்ற ஒரு பையன் கைதட்டவே இல்லை, கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திரை விழுந்ததும் டேனிஷ் சபை ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கும். நீங்கள் தனியாகப் படபடவென்று தட்டினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

சனி

கிளம்பும் நாள், சில துணுக்குகள் மட்டும்.

துறைமுகப் படகில் ஆப்பெரா மாளிகைப் பக்கம் போகிறவர்கள் கிறிஸ்டியான்ஸ்ஹவுன் கரையில் ஆசியாட்டிஸ்க் பிளாஸ் என்ற இடத்தைப் பார்க்கலாம். தரங்கம்பாடிக்கும் சீனாவுக்கும் கப்பல் விட்ட ஆசியக் கம்பெனியின் கட்டடங்கள் அங்கே நிற்கின்றன.

அடுத்து வருபவர்கள் பட்டியலில் தேட வேண்டிய பெயர் ‘எட் ஃபோல்கசாக்ன்’, 1854இன் நாட்டுப்புறக் கதை. 1991 மேடையேற்றத்துக்குக் காட்சியமைப்பும் உடையும் வடிவமைத்தவர் அப்போதைய அரசி இரண்டாம் மார்கிரெத். அதில் நீல்ஸ் காடெ எழுதிய கல்யாண வால்ட்ஸ் இன்றும் டேனிஷ் திருமணங்களில் நள்ளிரவுக்குள் வாசிக்கப்படுகிறது. விருந்தாளிகள் கைதட்டியபடி வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வர, மணமக்கள் நடுவில் ஆடுகிறார்கள்.

கோட்டு வைக்கும் இடத்தில் ஆட்டம் முடிந்தபின் கூட்டம் நெரியும். மே மாதத்தில் பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும், குளிரும் இருக்கும். மெல்லிய கோட்டை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டால் நேரே மெட்ரோவுக்கு இறங்கிவிடலாம்.